ஹோசே குட்டியெரெஸ் அமெரிக்கப் படையில் சேரும்போது ஆவணம் இருந்ததா?

இணையத்தில் ஒரு நண்பர், இராக் போரின் முதல் நாட்களிலேயே இறந்த குவாத்தமாலா இளைஞர் ஹோசே அந்தோனியோ குட்டியெரெஸ், எந்த ஆவணமும் இல்லாமலே அமெரிக்கப் படையில் சேர்க்கப்பட்டவர் என்று எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். பாதி சரி, அதனால்தான் குழப்பம்.

1997-ல் அவர் அமெரிக்காவுக்கு ஆவணமில்லாமல் வந்தது உண்மை. பெற்றோரை இழந்து தெருவில் வளர்ந்த பையன், சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு மெக்சிகோவைக் கடந்து வந்தார். ஆனால் கதை அங்கே நின்றுவிடவில்லை. கலிபோர்னியாவில் சிறார் நீதிமன்றம் அவரைப் பாதுகாப்பில் எடுத்தது. வளர்ப்புக் குடும்பங்களில் இருந்தார். 18 வயதில் நிரந்தர வசிப்புரிமை, அதாவது கிரீன் கார்டு, கிடைத்தது. அமெரிக்கப் படைகளில் ஒன்றான மரீன் படையில் சேர்ந்தது அதற்கும் பிறகு, 2002-ல். அப்போது அவரிடம் இல்லாதது குடியுரிமை மட்டுமே. 2003 மார்ச் 21 அன்று இராக்கின் துறைமுக நகரான உம் கஸ்ர் அருகே இறந்தார். குடியுரிமை வந்தது அடுத்த மாதம், சவப்பெட்டிக்கு!

சரிபார்ப்பது எளிது. 2003 மார்ச் கடைசி வாரம், ஏப்ரல் முதல் வாரத்து அமெரிக்க நாளிதழ்களின் இணையக் காப்பகங்களில் அவர் பெயரோடு 'கிரீன் கார்டு' என்பதையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள். அப்புறம் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்: முதலில் வசிப்புரிமை, பிறகு படை, இறந்த பின் குடியுரிமை. முடிந்தால், 'எந்த ஆவணமும் இல்லாமலே சேர்க்கப்பட்டவர்' என்ற அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.