தடை வேண்டாம், அனுமதி கேட்கட்டும்
வகுப்பில் செல்போனில் பதிவு செய்யும் மாணவர்கள் எல்லோரையும் தண்டிக்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. வேகமாகக் குறிப்பெடுக்க முடியாதவர்களுக்கும் டிஸ்லெக்சியா (படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) உள்ளவர்களுக்கும் ஒலிப்பதிவு பெரிய துணை. பல பல்கலைக்கழகங்கள் இவர்களுக்கு அதை அனுமதிக்கவும் செய்கின்றன. அப்புறம், ஆசிரியர் அடித்தார், கேவலமாகப் பேசினார் என்று ஒரு பிள்ளை சொன்னால் யார் நம்புகிறார்கள்? அங்கே பதிவுதான் சாட்சி. அது பெற்றோரிடமோ நிர்வாகத்திடமோ நேராகப் போகட்டும்.

ஆனால் ஒரு மணி நேரப் பாடத்தில் 30 விநாடியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது அநியாயம். தப்பாகப் பதில் சொன்ன சக மாணவரின் குரலும் அதில் இருக்கும். அவரிடம் யாரும் அனுமதி கேட்பதில்லையே! அடுத்த முறை அவர் வாயே திறக்க மாட்டார். பாடத்துக்கு, சொல்லிவிட்டுச் செய்யும் ஒலிப்பதிவே போதும், வீடியோ தேவையில்லை.