கடைசி இருக்கை வரை

போன வாரம் உறவினர் ஒருவர் கேட்டார்: “பஸ்ஸில் உட்கார்ந்து போய்விட்டு வருவதற்குச் சம்பளமா தருகிறார்கள்?” கேலிகூட இல்லை, உண்மையான வியப்பு. அப்போது சிரித்துச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்ததால் இதை எழுதுகிறேன்.

ஆறு ஆண்டுகளாகப் பள்ளிப் பேருந்தில் உதவியாளர் வேலை. பிள்ளைகள் ‘பஸ் ஆயா’ என்பார்கள். ஆயா ஆகும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அந்தப் பதவி உயர்வு மட்டும் சேர்ந்த முதல் நாளே கிடைத்துவிட்டது.

உட்காருவதைப் பற்றித்தானே கேட்டார்? பிள்ளைகள் ஏறி இறங்கும் நேரத்தில் எனக்கு உட்காரும் பேச்சே கிடையாது. பேருந்து ஓடும்போது இருப்பதைவிட அது நிற்கும்போதுதான் எங்களுக்குப் பதைப்பு அதிகம். இறங்கும் பிள்ளையின் பை வார் கைப்பிடிக் கம்பியில் சிக்கியிருக்கலாம். ஓட்டுநர் கதவைச் சாத்திவிட்டு நகர்த்தினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. கையிலிருந்த பென்சில் சக்கரத்துக்கு அடியில் உருண்டால் பிள்ளை யோசிக்காமல் குனியும். பேருந்தைச் சுற்றிப் பத்தடி தூரத்தை நாங்கள் ஆபத்து வட்டமாகவே பார்க்கிறோம். முன்பக்கத்தை ஒட்டி நடக்கும் ஐந்து வயதுப் பிள்ளை, உயரத்தில் இருக்கும் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இந்த இடத்தில் பெற்றோர் மீது எனக்கொரு கோபம் உண்டு. சாலையின் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு “வா, வா” என்று கையசைக்கிறீர்களே, அந்த நொடியில் உங்கள் பிள்ளைக்கு அம்மாவின் முகம் மட்டும்தான் தெரிகிறது, வண்டிகள் எதுவும் தெரிவதில்லை. சாலையைக் கடந்து இந்தப் பக்கம் வந்து நிற்க உங்களுக்கு அரை நிமிடம் ஆகுமா? நான் கையைப் பிடித்துக் கூட்டி வரும்போது, “சீக்கிரம் அனுப்புங்கள், நேரமாகிறது” என்று என்னையே விரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

விரட்டுவதால் என்ன நடக்கும் என்பதை ஒரு காலையில் பார்த்தேன். அன்று 31 பிள்ளைகள் ஏறினார்கள். பள்ளி வாசலில் ஒவ்வொரு தலையாக எண்ணி இறக்கினேன்; 31 சரியாக வந்தது. ஓட்டுநருக்கு அடுத்த நடைக்கு நேரமாகிவிட்டது. “கணக்குத்தான் சரியாக இருக்கிறதே, இறங்குங்கள் அக்கா” என்றார். பழக்கத்தில்தான் பின்பக்கம் நடந்தேன். கடைசி வரிசைக்கு முந்தைய இருக்கையின் அடியில், பையைக் கட்டிப்பிடித்தபடி ஒரு சின்னப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். இருக்கையில் இருந்து வழுக்கித் தரையில் படுத்திருக்கிறாள். மேலிருந்து பார்த்தால் ரிப்பன்கூடத் தெரியாது.

பிறகு எப்படி 31? இறங்கிய பையன் ஒருவன், மறந்துவைத்த தண்ணீர் பாட்டிலுக்காக மறுபடி ஏறி இறங்கியிருக்கிறான். அவனை இரண்டு முறை எண்ணியிருக்கிறேன். தவறு என்னுடையதுதான். ஆனால் அந்தத் தவறைப் பிடித்தது பதிவேடு அல்ல, கால்கள்.

வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் ஏறத்தாழ பத்து டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிடும். சிறு பிள்ளையின் உடம்போ பெரியவர்களுடையதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். பேருந்து காரைவிடப் பெரியது என்பது எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. அன்று மதியம் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

கேமராவும் இருப்பிடம் காட்டும் கருவியும் வைத்துவிட்டால் போதும் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சில பேருந்துகளில் எஞ்சினை நிறுத்தியதும் ஓர் ஒலிப்பான் அலறும். அதை அணைக்கும் பொத்தானை வண்டியின் கடைசியில் வைத்திருப்பார்கள். அத்தனை செலவழித்துப் பொருத்திய அந்தக் கருவி செய்வதெல்லாம் ஒரு மனிதரைப் பின்பக்கம் வரை நடக்க வைப்பதுதான்.

எங்கள் ஆட்களையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. முன் இருக்கையில் சாய்ந்து தூங்கி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். முன்பக்கத்தை ஓட்டுநரே கவனித்துக்கொள்வார்; நம் இடம் நடுவில் அல்லது பின்னால். சின்னப் பிள்ளையின் உணவு டப்பாவைப் பெரிய பையன்கள் பந்தாக்குவது பின்னால்தான் நடக்கும். ஆனால் அந்தப் பையன்கள் நம்மிடமே திரும்பினால்? 2012 ஜூனில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இதே வேலையில் இருந்த 68 வயதுப் பெண்மணியை மாணவர்கள் கிண்டல் செய்து அழவைத்த காணொளி உலகமெங்கும் பரவியது. அவரைச் சுற்றுலா அனுப்ப 5,000 டாலர் திரட்டலாம் என்று முன்பின் தெரியாத ஒருவர் தொடங்கினார். 7 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. நல்ல மனங்கள்தான். எனக்கோ, அந்த மாணவர்களை அதட்ட அவருக்கு என்ன அதிகாரம் தரப்பட்டிருந்தது என்ற கேள்விதான் எழுந்தது. நான் ஒரு பையனை இடம் மாற்றி உட்காரவைத்ததற்கு அவன் அப்பாவிடமிருந்து புகார் வந்தது. பள்ளியில் என்னைத்தான் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

என் வேலை நேரம் கடைசிப் பிள்ளை இறங்கியதோடு முடிவதாகத்தான் கணக்கு. அதன்பின் நான் நடக்கும் இரண்டு நிமிடம் எந்தக் கணக்கிலும் இல்லை. அதைச் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஓட்டுநர் மட்டும் மனம் மாறிவிட்டார். நான் பின்னால் போய்த் திரும்பும் வரை சாவியைக் கையில் எடுத்துவைத்துக் காத்திருக்கிறார்.

அந்தப் பெண் இப்போது மூன்றாம் வகுப்பு. தூக்கத்தை விட்டபாடில்லை. என் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்திருக்கிறேன். பள்ளி வந்ததும் எழுப்பினால், தினமும் என்னைத்தான் முறைக்கிறாள்.