முதலில் மாட்டுவது டப்பாவைக் குடித்தவர்தான்

ஞாயிற்றுக்கிழமை நடந்த ஓட்டப் போட்டியில் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மேடையில் வைத்துப் புரோட்டீன் டப்பாவைப் பரிசாகக் கொடுத்தது தப்பு, அதில் தடைசெய்த ஊக்கமருந்து கலந்திருக்கலாம் என்று நாலு வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு ஏச்சு வரும் என்று நினைக்கவில்லை. சரி, திரும்பவும் சொல்கிறேன். டப்பாவை யார் கொடுத்திருந்தாலும், சிறுநீர் மாதிரியில் அப்படி ஏதாவது தட்டுப்பட்டால் தடை முதலில் குடித்தவருக்குத்தான். 'என் மேல் தப்பில்லை' என்று நிரூபித்தால் தண்டனைக் காலம் குறையலாம். பேரில் விழுந்த கறை போகாது.

2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் பெண்கள் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கினோமே, அந்த நால்வரில் மூவர் மறு வருடமே ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். உக்ரைன் பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் என்ற மூலிகையில்தான் அந்த மருந்து கலந்திருக்க வேண்டும் என்றார்கள். அவருக்கு வேலை போனது, அவ்வளவுதான். பெண்களுக்கு முதலில் ஒரு வருடத் தடை, பிறகு அதுவே இரண்டு வருடமானது. லண்டன் ஒலிம்பிக் கைவிட்டுப் போனது.

'நல்ல கம்பெனி, லேபிளைப் பாருங்க' என்கிறார் ஒருவர். லேபிளில் இல்லாததுதானே பிரச்சினை! 2000த்தை ஒட்டி ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமெண்டுகளை, அதாவது இந்த மாதிரி சத்துப் பொருட்களை, சோதித்தது. 94இல் லேபிளில் சொல்லாத ஹார்மோன் பொருட்கள் இருந்தன. டப்பாவில் இருக்கும் உணவு உரிம எண் ஊக்கமருந்துச் சோதனைக்கான சான்று இல்லை. ஒவ்வொரு பேட்ச்சையும், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதியையும், சோதித்து இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் போன்ற முத்திரை கொடுப்பது வேறு. அதுவும் ஆபத்தைக் குறைக்கும், முழுசாக நீக்காது.

'ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதைக் கெடுக்காதீங்க' என்று எழுதியதுதான் ரொம்ப வலித்தது. நானும் அந்த ஏழைப் பிள்ளைதான். ஹாஸ்டலில் இருந்தபோது சார் ஒருவர் பேப்பரில் மடித்த வெள்ளைத் தூளைப் பாலில் கலந்து கொடுப்பார். 'குடிடா, கடைசி நூறு மீட்டரில் மூச்சு தாங்கும்' என்பார். ஒரு சீசன் முழுக்கக் குடித்தேன். என்னவென்று கேட்கவில்லை. சாரிடம் எப்படிக் கேட்பது? என்னை யாரும் சோதிக்கவில்லை, அதனால் தப்பித்தேன். அது என்ன தூள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த டப்பா விலைக்கு நிறைய முட்டை வாங்கலாம். வேர்க்கடலை வாங்கலாம், கிழிந்த ஸ்பைக்ஸ் ஷூவை மாற்றலாம். கிரவுண்டில் ஒழுங்காக ஒரு குடிதண்ணீர்க் குழாய்கூட இல்லை, அதைப் பற்றி உங்களில் ஒருவர்கூட இதுவரை எழுதவில்லை. பிள்ளை ஓடும்போது கைதட்டுகிறோம். அவள் என்ன சாப்பிடுகிறாள், யார் சொல்லிச் சாப்பிடுகிறாள் என்று கேட்க ஆளில்லை. கேட்டால் பொறாமையாம்.

நேற்று ராத்திரி பரிசு வாங்கிய பிள்ளை ஒருத்தி போன் செய்தாள். 'மூணு நாளா குடிக்கிறேண்ணே, ஒண்ணும் ஆகாதுல்ல?' என்றாள். பெரும்பாலும் ஆகாது, ஆனாலும் இனிமேல் குடிக்காதே என்றேன். நாளைக்குச் சோதனையில் ஏதாவது வந்தால் காட்ட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிடாதே, டப்பாவை மூடி பத்திரமாக வை, பேட்ச் எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். அனுப்பியிருக்கிறாள்.