கடலை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்

மீனின் தலைக்குள் ஒரு சின்னக் கல் இருக்கிறது. செவிக்கல் என்பார்கள். ஓர் ஆய்வகத்தில் ஒருவர் அதை இடுக்கியால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, பால் வெள்ளை, ஓரம் மட்டும் நெளிநெளியாக. அதைக் குறுக்கே மெல்லிசாக அறுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், மரத்தை வெட்டினால் தெரிகிற வளையங்களைப் போலவே வரிகள். மீன் வேகமாக வளர்ந்த பருவத்துக்கு ஓர் அகலமான பட்டை, வளர்ச்சி மந்தமான பருவத்துக்கு ஒரு குறுகிய பட்டை. இரண்டும் சேர்ந்தால் ஓராண்டு. நானும் எண்ணினேன். எனக்குப் பதினொன்று வந்தது, அவருக்கு ஒன்பது. "திரும்ப எண்ணுங்க" என்றார். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, இரண்டும் ஒத்துவந்தால்தான் அந்த வயதைப் பதிவார்களாம். மூன்றாம் முறை எண்ணும்போதுதான் எனக்கும் ஒன்பது வந்தது.

அந்த ஒரு கல்லுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ஆரஞ்சு ரஃபி என்ற ஆழ்கடல் மீனின் கதையைப் படித்த பிறகு புரிந்தது. 1970களின் இறுதியில் நியூசிலாந்துக் கடலில் அதைப் பெருமளவில் பிடிக்கத் தொடங்கினார்கள். மற்ற மீன்களைப் போலச் சில ஆண்டுகளில் வளர்ந்து பெருகிவிடும் என்ற நினைப்பில்தான் கணக்குப் போட்டார்கள். பிற்பாடு செவிக்கல்லை ஒழுங்காகப் படித்தால், அந்த மீன் நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறது, சினை பிடிக்கவே இருபது முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் பல இடங்களில் கூட்டம் கூட்டமாக அள்ளி முடித்துவிட்டார்கள். வயதைத் தப்பாக எண்ணியதற்கு ஒரு மீனினம் கொடுத்த விலை அது.

கடலைக் காப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் ஆமையையும் திமிங்கலத்தையும் பவளத்தையும் காட்டுகிறோம். காட்டட்டும், தப்பில்லை. ஆனால் காவல் உண்மையில் நடக்கிற இடம் வேறு. ஆண்டு தவறாமல், அதே இடத்தில், அதே முறையில், யாரும் கைதட்டாத ஓர் அளவீட்டைச் செய்துகொண்டே இருப்பதுதான் கடலைக் காக்கிறது. நிதி குறையும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் இருக்கிறது.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தை எடுத்துக்கொள்வோம். நூற்றாண்டுகளாகக் காட் மீனை நம்பி வாழ்ந்த கரை. 1968இல் மட்டும் அங்கே சுமார் 8 லட்சம் டன் பிடிக்கப்பட்டது, பெரும்பகுதி வெளிநாட்டு இழுவைக் கப்பல்களால். பிறகு கனடா தன் கடல் எல்லையை 200 கடல் மைலாக நீட்டி, ஆண்டுக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று அறிவியல் முறைப்படி ஒதுக்கீடு வைத்தது. அறிவியல்தான் இருந்ததே, அப்புறம் ஏன் 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்தது? ஏன் சுமார் 30,000 பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள்?

பெரிய கப்பல்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பிடிக்கின்றன என்பதைக் கணக்கெடுப்பில் மிகையாக நம்பியதுதான் கோளாறு. மீன் குறையக் குறைய, மிச்சமிருந்தவை ஒருசில இடங்களில் நெருக்கமாகத் திரண்டன. கப்பல்களின் கருவிகளோ ஆண்டுக்காண்டு கூர்மையாகி, நேராக அந்தத் திரள் மேலேயே வலையை இறக்கின. ஒரு மணி நேரத்துக்கான மீன்பாடு குறையவே இல்லை, அதனால் கடலிலும் மீன் குறையவில்லை என்று முடிவு கட்டினார்கள். அதே 1980களில் கரையோரம் சிறு படகில் போனவர்கள் வேறு சொன்னார்கள்: மீன் சிறுத்துப்போச்சு, வரத்தே இல்லை. அதை அனுபவப் பேச்சு என்று ஒதுக்கினார்கள். பத்தாண்டின் கடைசியில் விஞ்ஞானிகளுக்கே தங்கள் கணக்குத் தப்பு என்று தெரிந்து, ஒதுக்கீட்டைப் பாதிக்கும் கீழே குறைக்கச் சொன்னபோது, அரசு அவ்வளவு குறைக்கத் துணியவில்லை. தடை முழுதாக விலக 2024 ஆயிற்று. 32 ஆண்டுகள்! தடை விழுந்த அன்று பள்ளியில் படித்த பிள்ளைக்கு, அது விலகும்போது நாற்பது வயதாகியிருக்கும்.

இந்தக் கதையை "விஞ்ஞானம் தோற்றது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கடலில் தினமும் நிற்பவர் சொல்வதும் ஒரு தரவு. அதைப் பதிய ஒரு வழி வைக்காமல் விட்டது அறிவியலுக்கே எதிரானது. நல்ல எண் கைக்கு வந்த பிறகும் அதன்படி நடக்காமல் இருந்தது இன்னும் பெரிய குற்றம்.

எனக்கு மிகப் பிடித்த கருவி ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் கடல் உயிரியலாளர் அலிஸ்டர் ஹார்டி உருவாக்கியது. ஓர் உலோகப் பெட்டி, அதை வழக்கமான சரக்குக் கப்பலின் பின்னால் கயிறு கட்டி இழுக்க வேண்டும். முன்பக்கச் சின்னத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே புகும். உள்ளே பட்டுத் துணி ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். கண்ணுக்கே தெரியாத மிதவை உயிரிகள் அதில் படியும், மேலே இன்னொரு பட்டு வந்து மூடும், இரண்டும் சேர்ந்து சுருளாகும். கரைக்கு வந்ததும் சுருளைப் பிரித்து, முதலில் துணி எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று பார்ப்பார்கள். பச்சை கூடினால் கடலில் மிதவைத் தாவரங்கள் கூடியிருக்கின்றன என்று பொருள். 1931இலிருந்து சரக்குக் கப்பல்கள் இதை இழுத்துக்கொண்டிருக்கின்றன.

இந்தப் பட்டுச் சுருள்களில் இருந்துதான் வடகிழக்கு அட்லாண்டிக்கில் வெதுநீர் மிதவை உயிரிகள் சில பத்தாண்டுகளில் சுமார் 1000 கி.மீ. வடக்கே நகர்ந்தது தெரியவந்தது. 1957இலேயே ஒரு பிளாஸ்டிக் கயிறு பெட்டியில் சிக்கியதைக் கப்பல் பதிவேடு சொல்கிறது, 1965இல் ஒரு பிளாஸ்டிக் பை. கடலில் நுண்பிளாஸ்டிக் பெருகிவருவதை 2004இல் நிறுவ முடிந்ததும், பழைய பட்டுகளை எடுத்து மறுபடி பார்க்க முடிந்ததால்தான். 1960களில் அந்தச் சுருளைப் பத்திரப்படுத்தியவருக்கு இது எதற்குப் பயன்படும் என்று தெரிந்திருக்க வழியே இல்லை. ஆனாலும் வைத்தார். இவ்வளவு பெறுமதியான பணியையும் 1980களின் இறுதியில் மூடிவிடும் நிலை வந்தது, தெரியுமா? தனியாக ஓர் அறக்கட்டளை தொடங்கித்தான் காப்பாற்றினார்கள். ஒரு பத்தாண்டு இடைவெளி விழுந்திருந்தால் அந்தப் பத்தாண்டைப் பிற்பாடு எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது.

சரி, "இன்னும் ஆராய்ந்துவிட்டு முடிவெடுக்கலாம்" என்று தள்ளிப்போட இதுவே சாக்காகிவிடாதா? ஆகும், ஆக்குகிறார்கள். அதனால்தான் நியூசிலாந்தின் லீ கடல் காப்பகம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1975இல் ஐந்து சதுர கி.மீ.க்குச் சற்று அதிகமான கடலில் மீன்பிடிப்பை முற்றாக நிறுத்தினார்கள். கீழே பாறையெல்லாம் கடல்முள்ளெலிகள் என்ற முள்ளுருண்டை போன்ற சிற்றுயிர்கள் கடற்பாசியை மேய்ந்து மொட்டையாக்கி வைத்திருந்தன. அது இயற்கையான காட்சி என்றே அப்போது நினைத்தார்கள். மீனும் சிங்கி இறாலும் பெருத்துத் திரும்பி வந்தன, முள்ளெலிகளைத் தின்றன, பாசிக்காடு தழைத்தது. மொட்டைப் பாறை நாம் உண்டாக்கியது என்பது மூடிய பிறகுதான் தெரிந்தது. மூடுவதும் அளப்பதும் கூடவே நடக்க வேண்டும், ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்கக் கூடாது.

நாட்டு எல்லைகளுக்கு அப்பாலுள்ள கடலைக் காக்கும் ஐ.நா. ஒப்பந்தம் 2026 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்தது. மொத்தக் கடலில் மூன்றில் இரண்டு பங்கு அந்தப் பகுதிதான். எனக்கு மனதார மகிழ்ச்சி. ஆனால் உலகக் கடல்தரையில் ஏறத்தாழக் கால்வாசியைத்தான் இதுவரை துல்லியமாக வரைபடமாக்கியிருக்கிறோம். எங்கே கோடு போட வேண்டும், போட்ட கோட்டுக்குள் என்ன மாறுகிறது என்று சொல்ல ஆள் வேண்டும், கப்பல் வேண்டும், தொடர்ந்து பணம் வேண்டும்.

ஆர்கோ மிதவைகள் என்ற தானியங்கி அளவுக் கருவிகள் சுமார் 4,000 இப்போது உலகக் கடல்களில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருக்கும். பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்தபடியே மேலே வந்து, செயற்கைக்கோளுக்குச் செய்தி சொல்லிவிட்டு மறுபடி இறங்கிவிடும். புவியில் சேர்கிற கூடுதல் வெப்பத்தில் சுமார் 90 விழுக்காட்டைக் கடல்தான் விழுங்குகிறது என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிவதில் இவற்றின் பங்கு பெரியது. சில ஆண்டுகளில் மின்கலம் தீர்ந்துவிடும், அதோடு அந்த மிதவை பேசாமல் போய்விடும். அதனால் ஆண்டுதோறும் பல நூறு புதிய மிதவைகளை யாராவது கப்பலில் ஏற்றிப்போய்க் கடலில் இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.