கப்பலின் அடியில் ஒட்டும் உயிர்கள் கடலுக்கு நன்மையா?

‘கப்பலடியில் ஒட்டும் கொட்டலசு என்ற ஓட்டுயிரும் பாசியும் மீன்களுக்கு இரை, அவற்றைச் சுரண்டுவதுதான் கடலுக்குக் கேடு’ என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

இவை ஒட்டி அடிப்பகுதியின் வழவழப்பு போன கப்பல் நீரைக் கிழிக்கத் திணறும். அதே வேகத்துக்குக் கூடுதல் எண்ணெய் எரியும், கூடுதல் கரியமில வாயு வெளியேறும்.

அதைவிடப் பெரிய சிக்கல், ஓசிப் பயணம் செய்யும் அந்நிய உயிர்கள். 1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் படகுத்துறைகளில், அமெரிக்க வெப்பமண்டலக் கடலைச் சேர்ந்த கருவரி மட்டி சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் அப்பிக் கிடந்தது. படகுகளின் அடியில் ஒட்டி வந்ததுதான். படகுத்துறைகளின் மதகை மூடி, குளோரினும் தாமிர சல்பேட்டும் கொட்டி ஒழித்தார்கள். உள்ளே இருந்த மற்ற உயிர்களும் மாண்டன. எண்ணூர் மீனவர்கள் திட்டித் தீர்க்கும் காக்கா ஆழியும் தென்னமெரிக்க மட்டிதான். அதுவும் கப்பல் வழியே வந்திருக்கலாம் என்றே கருதப்படுகிறது.

செய்தியில் ஒரு துளி உண்மை உண்டு. சுரண்டியதைச் சேகரிக்காமல் கடலிலேயே விட்டால் அந்நிய உயிர்களும், உயிர்கள் ஒட்டாதிருக்கக் கப்பலடியில் பூசும் பூச்சின் நஞ்சும் பரவும். டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த அத்தகைய பூச்சு நத்தைகளின் இனப்பெருக்கத்தையே கெடுத்ததால், அதைத் தடைசெய்த சர்வதேச ஒப்பந்தம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே கேள்வி சுரண்டலாமா என்பதல்ல, எங்கே, எப்படி என்பதே.