எங்கள் ஊர்ப் பெயரால் அரசாங்கத்தை அழைக்காதீர்கள்

யமுனையில் அம்மோனியா கூடி டெல்லியின் வஜீராபாத் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் உற்பத்தி குறையும் நாள்களில், குழாயில் தண்ணீர் வருமா வராதா என்று அறிய டெல்லி என்ற எங்கள் ஊர்ப் பெயரையும் தண்ணீர் என்ற சொல்லையும் சேர்த்து ஆங்கிலத்தில் தேடினால், 2025 ஏப்ரலில் நிறுத்திவைக்கப்பட்ட சிந்து நதிநீர் ஒப்பந்தம் பற்றி டெல்லி என்ன சொன்னது, இஸ்லாமாபாத் என்ன பதிலளித்தது என்ற செய்திகள்தாம் வந்து குவிகின்றன. குடம் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு இவற்றால் என்ன பயன்?

டெல்லி கண்டித்தது, டெல்லி தயங்குகிறது, டெல்லி பேரம் பேசுகிறது என்றே ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதுகின்றன. கண்டித்தது வெளியுறவு அமைச்சகம், தயங்குவது அமைச்சரவை, பேரம் பேசுவது வணிகத் துறை அதிகாரிகள். முடிவெடுத்தவர் யார், யாரிடம் கணக்குக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒற்றைப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. பழி மட்டும் இங்கே குடியிருப்பவர்கள் தலையில் விழுகிறது. விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்குப் போனால், உங்கள் டெல்லி ஏன் எங்களுக்கு நிதி தர மறுக்கிறது என்று உறவினர்கள் என்னிடமே சண்டைக்கு வருகிறார்கள். மயூர் விஹாரில் வாடகைக்குக் குடியிருக்கும் எனக்கும் நிதி ஒதுக்கீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

அதிகாரத்தின் பெயராக எங்கள் ஊரைச் சொல்கிறார்களே, அந்த அதிகாரம் ஊர்க்காரர்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று யாராவது பார்த்திருக்கிறார்களா? 1991ஆம் ஆண்டின் 69ஆவது அரசியலமைப்புத் திருத்தம் எங்களுக்குச் சட்டப்பேரவையைத் தந்தது. ஆனால் காவல், பொது ஒழுங்கு, நிலம் ஆகிய மூன்றையும் அதன் கைக்கு எட்டாமல் வைத்தது. 2021இல் நிறைவேறிய திருத்தச் சட்டமோ, எங்கள் பேரவை இயற்றும் சட்டங்களில் 'அரசு' என்று வந்தால் அது மத்திய அரசு அமர்த்தும் துணைநிலை ஆளுநரையே குறிக்கும் என்று எழுதிவைத்துவிட்டது. வீட்டு வாசலில் திருட்டு நடந்தாலும் காவல்துறையைத் தட்டிக்கேட்கும் அதிகாரம் எங்கள் முதலமைச்சருக்குக் கிடையாது.

புது டெல்லி என்ற பெயருக்கும் இதே கதிதான். 1931இல் திறந்துவைக்கப்பட்ட அந்தத் தலைநகரம், இன்றைய நகராட்சி மன்ற எல்லைப்படி சுமார் 43 சதுர கிலோமீட்டர். டெல்லி யூனியன் பிரதேசம் முழுவதும் 1,483 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் இங்கே வாழ்ந்த ஏறத்தாழ 1.68 கோடிப் பேரில் இரண்டரை லட்சத்துச் சொச்சம் பேர்தாம் அந்த எல்லைக்குள் இருந்தார்கள். நரேலாவிலும் நஜஃப்கரிலும் சீலம்பூரிலும் வாழ்கிறவர்களுக்கு அந்தப் பெயரில் என்ன இடம் இருக்கிறது?

இது போதாதென்று, வெளிநாட்டுப் பயணிக்கு இந்தியாவின் எந்த மூலையில் வயிற்றுப்போக்கு வந்தாலும் அதற்கு 'டெல்லி பெல்லி' என்று பெயர் சூட்டி ஆங்கில அகராதிகளிலும் ஏற்றிவைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

ஆங்கிலக்காரர்களையாவது அவர்களுடைய மொழியின் பழக்கம் என்று விட்டுவிடலாம். மத்திய அரசு, ஒன்றிய அரசு என்று இரண்டு பெயர்களை வைத்துக்கொண்டு, எது சரி என்று பக்கம் பக்கமாக வாதிட்ட தமிழ்ப் பத்திரிகைகள், இரண்டையும் விட்டுவிட்டு 'டெல்லி மறுப்பு' என்று ஏன் தலைப்பிடுகின்றன? தலைப்பில் இடம் போதவில்லையென்றால் எழுத்தின் அளவைக் குறையுங்கள். மறுத்த அமைச்சகத்தின் பெயரைப் போடுங்கள்.