பகல்நேர மையம் வீடற்றவர்களைத் தெருவிலேயே தங்க வைக்கிறதா?

"வீடற்றவர்களுக்குப் பகல்நேர மையத்தில் சாப்பாடும் குளிக்க இடமும் கொடுத்தால் தெருவை விட்டு நகரவே மாட்டார்கள், விரும்பித்தான் அங்கே இருக்கிறார்கள்" என்றொரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

பல இரவுத் தங்குமிடங்களில் காலையில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். பிறகு மாலைவரை மூட்டை முடிச்சோடு அலைய வேண்டியதுதான். மூட்டையைக் காவல் காத்துக்கொண்டு ஒருவர் மருத்துவரிடம் போக முடியுமா? பகல்நேர மையத்தில் கிடைக்கும் ஒரு பூட்டுப் பெட்டி அவரைப் போகவிடுகிறது. தொலைந்த அடையாள அட்டையை மறுபடி வாங்க முகவரி கேட்பார்கள்; வீட்டுக்கு விண்ணப்பித்தால் அட்டை கேட்பார்கள். இந்தச் சிக்கலை அவிழ்ப்பது, அவர் பெயருக்கு வரும் கடிதங்களை வாங்கி வைக்கும் மையமும், பக்கத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்பித் தரும் பணியாளரும்தான். பலமுறை ஏமாந்தவர் முதல் நாளே வாய் திறக்க மாட்டார். அவர் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போகும் அந்த வாரங்களும் மையத்துக்கு நம்பிக்கையை வளர்க்கும் வேலைதான்.

விரும்பி இருக்கிறார்களா? கனடாவின் 5 நகரங்களில் 2009 முதல் 2013 வரை, மனநலப் பாதிப்புள்ள வீடற்றவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. நிபந்தனையின்றி வீடும் கூடவே உதவியும் பெற்றவர்களில் 62 சதவீதத்தினர் ஆய்வின் கடைசி 6 மாதமும் வீட்டிலேயே இருந்தார்கள். வழக்கமான சேவைகளை மட்டும் பெற்றவர்களில் அது 31 சதவீதம்.

மையம் மட்டும் போதாது என்பது உண்மை. வாடகைக்கு எட்டும் வீடு இல்லாத ஊரில், நிரப்பிய படிவமும் காத்துக்கிடக்கும்.